ஃப்ரீசரில் இருந்த கேக்

ட்வைலா லெட்பெட்டர் வீட்டில் எதுவும் வீணாகாது. கார் ஷெட்டில் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர். அதில் மான் கறி, போன வருஷத்துப் பீச் பழம், யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய கேக். புருஷன் அதைச் சவக்கிடங்கு என்பான். அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் சாக்ஸ் மில்லை மூடியபோது, சவக்கிடங்குதான் சோறு போடப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மூடுவதற்கு முன்னால் ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து சில பெண்கள் வேலை பழக வந்தார்கள். சாக்ஸின் விரல் பக்கத்தைத் தைத்து மூடுகிற மெஷினை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ட்வைலா. தன் வேலையை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக, வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. கடைசி நாளன்று மில்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். மேனேஜர் ராய்ஸ் ஸ்டேகால் தன் பங்குக்குப் பெரிய கேக் ஒன்று வாங்கிவந்தார். ‘நம் புதிய ஹோண்டுராஸ் மில்லுக்கு வாழ்த்துகள்’ என்று அதில் நீலக் கிரீமில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு யாருக்கும் வயிற்றில் இடமில்லை. ஓரத்தில் ரெண்டு துண்டு போனதோடு சரி. மிச்சம் குப்பைக்குப் போகும்போது ட்வைலா பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெளிநாட்டு வியாபாரத்தால் வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கூடுதல் காலத்துக்கு வாரப் பணம் கொடுக்கும், வேறு தொழில் படிக்கவும் செலவு செய்யும். மூன்று பேர் சேர்ந்து மனுப் போட்டால் போதும். ட்வைலாவும் பக்கத்து மெஷின் வைலீனும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு போட்டார்கள். ட்வைலாவுக்கு ஏசி ரிப்பேர் படிக்க ஆசை. அந்த ஊர் வெயிலில் ஏசி ரிப்பேர்காரனுக்கு இருக்கிற மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

வாஷிங்டனிலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தாள்.

“மேடம், ஆர்டர் குறைஞ்சதாலதான் மூடினோம், வேலை எதுவும் வெளிநாட்டுக்குப் போகலைன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. மேனேஜர் கையெழுத்து இருக்கு. அப்படின்னா உங்களுக்கு உதவி கிடைக்காது.”

“போகலையா? அந்தப் பொண்ணுங்களுக்கு நான்தானேம்மா தையல் சொல்லிக்குடுத்தேன்! கோழி ஆக்கிப் போட்டேன்!”

“ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?”

“கோழிக்கா?”

போனை வைத்துவிட்டு வைலீனை வரச்சொன்னாள். வைலீன் சமையலறையில் உட்கார்ந்து ராய்ஸின் குலத்தையே இழுத்தாள். “சர்ச்சுல முன்வரிசையில உக்கார்றான்டி அந்த மனுஷன்! எப்படி கை கூசாம கையெழுத்துப் போட்டான்? வயிறு எரியுது, தின்ன ஏதாவது இனிப்பா எடுத்துட்டு வா.”

ட்வைலா ஃப்ரீசரைக் கிளறினாள். மான் கறிக்கு அடியில் அந்தப் பெட்டி. மூடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது: தேதி, வாங்கியவர் ராய்ஸ் ஸ்டேகால். உள்ளே நீல எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை.

வைலீன் கத்தியைத் தேடினாள்.

“தொட்டே, கையை முறிச்சிடுவேன். இதுதான்டி நம்ம சாட்சி.”

ட்வைலா அதிகாரியைக் கூப்பிட்டாள். “ஆதாரம் கிடைச்சிருச்சு. ஆனா தபால்ல அனுப்பினா உருகிடும்.”

விஷயத்தைக் கேட்ட அதிகாரி கேக்கில் இருந்த எழுத்தை இன்னொரு தடவை படிக்கச்சொன்னாள். பிறகு, “போட்டோ போதும் மேடம்” என்றாள்.

போட்டோ போனது. அதிகாரி கம்பெனியை மறுபடி விசாரித்தாள். கம்பெனிக்கு மறந்துபோயிருந்த ஹோண்டுராஸ் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. மில்லில் வேலை பார்த்த எல்லோருக்கும் உதவி உண்டு என்று உத்தரவானது.

எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். படிப்புக்குப் பெயர் கொடுக்க ட்வைலா போனபோது, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் ராய்ஸ்.

“என்ன சார், வேலை எதுவும் எங்கேயும் போகலைன்னு எழுதிக் குடுத்தீங்களே?”

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். “எழுதிக் குடுத்தா வேற மில்லுல வெச்சுக்கறோம்னு சொன்னாங்க ட்வைலாம்மா.”

“வெச்சுக்கிட்டாங்களா?”

“இங்கதானே நிக்கறேன்.”

அவர் முறை வந்தது. ஏசி ரிப்பேர் வகுப்பு வேண்டும் என்றார். “இந்தத் தடவை ஒரே ஒரு இடம்தான் மிச்சம், போட்டுடவா?” என்றாள் மேஜைக்காரி.

ட்வைலா பின்னால் நின்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்து சிவந்தது. அந்த ஊரில் ஆம்பளைகள் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிடாமல் இருந்ததில்லை. மில்லை விட்டு வெளியே அனுப்பிய அன்றும் ராய்ஸ்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதும் ஒதுங்கி வழிவிட்டார்.

“அவங்க பேரைப் போடுங்க. நான் அடுத்த தடவை பார்த்துக்கறேன்.”

ட்வைலா கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். ராய்ஸ் தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றார்.

“அந்தக் கேக்கு இன்னும் இருக்கா?”

“இருக்கு சார். நீங்க வாங்கினதுதானே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. எழுத்து இருக்கிற பக்கம் உங்களுக்குத்தான்.”