எதிராளி கொண்டுவந்த முட்டை

ஒன்பது வயதில் நான் ஒரு லாரியோடு பந்தயம் வைத்தேன். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள இன்றுவரை மனம் வரவில்லை. பாதிச் சாலையைக் கடந்திருந்தேன், அதுவும் நல்ல வேகத்தில்.

சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமைக் காலை. கொத்தமல்லி வாங்கிவர அம்மா என்னைத் தேக்கா சந்தைக்கு அனுப்பியிருந்தாள். துணைக்கு, எங்கள் மாடியிலேயே பக்கத்து அறையில் குடியிருந்த தோழியும் வந்தாள். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் என்னைவிட வேகமாக ஓடுகிறவள் கிடையாது. அந்தத் திமிரில் எதைக் கண்டாலும் முந்தப் பார்ப்பேன். சாலையில் ஒரு லாரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கடந்து காட்டுகிறேன் என்றேன். காட்டினால் தன்னுடைய அஞ்சாங்கல் ஐந்தையும் தந்துவிடுவதாகத் தோழி சொன்னாள். நான் லாரி ஓட்டுநரை நேராகப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். ஓடினேன்.

அவர் பிரேக் போட்ட வேகத்தில் லாரியின் பின்னால் அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகள் அத்தனையும் சரிந்து சாலையில் கொட்டின. லாரியின் முன்பக்கம் என் தொடையில் இடித்தது. நான் விழுந்தேன், முட்டைகள் என்மேல் விழுந்தன. தோழி வீட்டுக்கு ஓடிச் சொன்னதைக் கேட்டு அலறிக்கொண்டு வந்த அம்மா, ஒரு துளி ரத்தம் இல்லாமல் தலைமுதல் கால்வரை மஞ்சளாகக் கிடந்த மகளைப் பார்த்து, எங்கே தொட்டு அழுவது என்று தெரியாமல் நின்றாளாம். லாரிக்காரர் தன் சரக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த முட்டைகளையும் மிதித்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய சீனர். பொங்கோலில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். வயதான சீனர்களை நாங்கள் கூப்பிடுவதுபோல அவரையும் ஆப்பெக் என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் என்னவென்று நாங்கள் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொடை எலும்பு முறிந்த காலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது வலித்தது உண்மைதான். ஆனால் வீட்டில் அதுவரை யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. ஆரஞ்சுப் பழம் வந்தது, பிஸ்கட் டின் வந்தது, பங்குச் சாமியார் வந்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். தோழி மட்டும் அஞ்சாங்கல்லைக் கொண்டுவரவில்லை. நான் முழுதாகக் கடக்கவில்லை, நடுவிலேயே விழுந்துவிட்டேன், ஆகவே கணக்கில் சேராது என்பது அவள் கட்சி. படுத்தபடியே அவளோடு சண்டை போட்டேன்.

பிறகு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து, அதன்பிறகு பல மாதம் பயிற்சி கொடுத்தால்தான் நேராக நடப்பேன், இல்லாவிட்டால் காலம் முழுதும் இந்த நொண்டல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா எனக்காகத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். அன்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றார்கள். எனக்கோ ஒரே ஒரு கவலைதான். பள்ளி விளையாட்டுப் போட்டியில் என் இடத்தில் வேறொருத்தி ஓடிவிடுவாள்.

அப்போதுதான் சித்தப்பா உள்ளே புகுந்தார். ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பியூன் வேலை. காகிதங்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், காகிதத்தில் இருப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

"லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கும் லா, அண்ணே. கேஸ் போட்டா அவங்கதான் கொடுக்கணும். லாயருக்குக் காசு இல்லையா, கவர்மென்ட்டே ஃப்ரீயா லாயர் கொடுக்கும்" என்றார்.

அதோடு நிற்காமல் எனக்குப் பயிற்சியும் கொடுத்தார். டை கட்டிய ஆள் யார் வந்தாலும் நான் முனக வேண்டும். இரண்டு நாளில் நன்றாகத் தேறிவிட்டேன். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லித்தரவில்லை. தபால்காரருக்கு முனகினேன், பால்காரருக்கு முனகினேன். பங்குச் சாமியாருக்கும் முனகப்போய், அவர் பதறி, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் நோயில்பூசுதலுக்கு எண்ணெய் எடுக்கக் கிளம்பியதும் அம்மா என் தொடையில் கிள்ளினாள். நல்லவேளை, முறியாத தொடை.

இலவச வழக்கறிஞர் யாழ்ப்பாணத் தமிழர். இளைஞர், மெலிந்தவர், சிரிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி வைப்பவர். எங்களுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். லாரிக்காரர்மேல் போலீஸ் வழக்கு ஒன்று நடக்கிறது. அதில் அவர் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பேசாமல் நஷ்டஈடு கொடுத்துவிடும். பிள்ளைதான் குறுக்கே ஓடியது என்று அவர் சொல்லி அதை நீதிபதி ஏற்றுக்கொண்டால், எங்களுக்கு ஒன்றும் வராமலே போகலாம். கம்பெனி அதைத்தான் சொல்லச் சொல்கிறது. முட்டை ஏற்றிய லாரியை எவனாவது வேகமாக ஓட்டுவானா என்பது அவர்கள் வாதம்.

அது நல்ல வாதம் என்று எனக்கும் தோன்றியது. எப்படி நடந்தது என்று வழக்கறிஞர் என்னைக் கேட்டார். ரோட்டைக் கடந்தேன், லாரி வந்தது என்றேன். இரண்டும் உண்மை. பந்தயத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கட்டளையும் போட்டார். "அந்த ஆளோட கதைக்கவும் கூடாது, அவரிட்ட ஒண்டும் வாங்கவும் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஆப்பெக் வாரம் தவறாமல், கீழே கடையும் மேலே குடித்தனங்களுமான எங்கள் கடைவீட்டு மாடிக்கு முட்டை கொண்டுவந்துகொண்டிருந்தார். சில வாரம் ஒரு கோழியும் வரும். லாரியைத் தெருவில் நிறுத்தினால் அபராதச் சீட்டு எழுதிவிடுவார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. சந்தை மலாய் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரியும். சாப்பிட்டாயா, கால் எப்படி, மழை வரும்போல் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் பேச முடியாது. அதற்கு மேல் பேசவும் ஒன்றும் இல்லை.

வழக்கறிஞர் சொன்னதை அம்மா அவரிடம் கையாட்டிச் சொன்னாள். அவரும் கையாட்டித் தன் கதையைச் சொன்னார். அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று இன்சூரன்ஸ்காரர் அவரையும் எச்சரித்திருந்தாராம். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர் லாரியைத் தூரத்தில் வேறு சந்தில் நிறுத்திவிட்டு, தட்டின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நடந்து வந்தார்.

ஒருநாள் வழக்கறிஞர் கையெழுத்து வாங்க முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் உடனே முனக ஆரம்பித்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த மூன்று தட்டு முட்டைகளைக் கவனித்தார். அம்மா கடையில் வாங்கியது என்றாள். அதே நேரம் கட்டிலுக்கடியிலிருந்து அந்த வாரத்துக் கோழி வெளியே வந்து அவருடைய ஷூவைக் கொத்தியது. வழக்கறிஞர் நெடுநேரம் கோழியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அப்படிச் சிரித்த மனிதரை அந்த மாடி அதற்கு முன் கண்டதில்லை. போகும்போது அம்மா வற்புறுத்திக் கொடுத்த பத்து முட்டைகளோடு படி இறங்கினார்.

வழக்கு நாள் நெருங்க நெருங்க எனக்குள் ஏதோ உறுத்தியது. பயம் என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல மனிதரை மாட்டிவிட்டிருக்கிறேன் என்ற எண்ணம் சாப்பிடும்போதெல்லாம் வந்தது. ஒரு மதியம் அம்மா அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது ஆப்பெக்கிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் மலாய் அதற்குப் போதவில்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தரையில் லாரியாக வைத்தேன். என் இரண்டு விரல்களை அதற்கு முன்னால் ஓடவிட்டேன். நான்தான், வேண்டுமென்றே, என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். தீப்பெட்டியைத் தன் கையில் வாங்கி மெதுவாக நகர்த்தி, என் விரல்களுக்கு முன்னால் சட்டென்று நிறுத்தினார். இரண்டு கையையும் மேலே வீசி, வாயால் சத்தம் கொடுத்து முட்டைகள் பறப்பதைக் காட்டினார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "தா அப்பா, தா அப்பா" என்றார். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு உதட்டில் விரலை வைத்து மூடிக் காட்டினார். எங்களுக்குள் ஒரு ரகசியம் கிடைத்துவிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீதிமன்றத்துக்கு நாங்கள் கல்யாணத்துக்குப் போவதுபோலப் போனோம். அம்மா பட்டுச் சேலை கட்டினாள். சித்தப்பா கப்பல் கம்பெனி முதலாளியின் பழைய கோட்டில் வந்தார். வெளியே நீளமான பெஞ்சில் ஆப்பெக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்ததால் அம்மா ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த நடு இடத்தில் என்னை வைத்தார்கள். நான் இரு தரப்புக்கும் பொது. அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, அவருடைய முட்டையிலேயே செய்த மிளகாய்ச் சம்பலையும் சோற்றையும் என் மடி வழியாக அவருக்கு நீட்டினாள். அந்தப் பக்கம் வந்த இன்சூரன்ஸ்காரர் இதைப் பார்த்துவிட்டு எங்கள் வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சீனத்தில் கேட்டார். ஆப்பெக் எழுந்து, யாரையும் பார்க்காமல், இரண்டே வாக்கியம் சொன்னார். இன்சூரன்ஸ்காரர் கையிலிருந்த ஃபைலை மூடினார். எங்கள் வழக்கறிஞர் அப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"நான் முட்டையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை எண்டு சொல்றார். பிழை தன்னுடையதாம்."

பொய். அவர் என்னைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பார்த்ததனால்தான் அவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடிந்தது. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் பெரியவர்களுக்கு மறதி வரும், நான் சொன்னதைக்கூட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீதிபதி கொஞ்சநேரம் ஏதோ வாசித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா மட்டும் எழுந்து நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் எல்லோருக்கும் குளிர்ந்த கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நஷ்டஈடு வந்தது. ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருடப் பாதி முழுக்க ஒரு நர்ஸ் என்னை நீட்டி மடக்கி வாட்டி எடுத்தார். மறுவருடம் பள்ளிப் போட்டியில் ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். அதற்கு அம்மா அழுத அழுகையைப் பார்த்து, முதலாவதாக வந்தவளின் அம்மா எங்களுக்குத்தான் கோப்பை கிடைத்தது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆப்பெக் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது பஸ்ஸில் வந்தார். பொங்கோலிலிருந்து நெரிசலில், மடியில் ஒரு சின்னப் பிரம்புக் கூடையோடு. ஒரு தட்டு நிறைய வந்த முட்டை பத்துப் பன்னிரண்டாகக் குறைந்தது. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சந்தோஷம் வேறு. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவர் இப்போது ஒரு மணிநேரம்கூட இருந்தார். அம்மாவின் கோப்பியை நிதானமாகக் குடித்தார். என்னோடு அஞ்சாங்கல் ஆடினார், நன்றாகத் தோற்றார்.

அபராதத்தோடு அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது என்பதை அப்பா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு. உண்மையைச் சொல்லியிருந்தால் உரிமமும் லாரியும் அவரிடமே இருந்திருக்கும். அவர் பஸ்ஸில் வந்த அந்த நாட்களில் எனக்கு அது தெரியாது. ஒருநாள் அவர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கையைப் பிடித்து நிறுத்தி, எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் திரட்டிச் சொன்னேன். லாரி நல்லதில்லை, பஸ்தான் நல்லது, இனிமேல் எப்போதும் பஸ்ஸிலேயே வாங்க.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்து, சரி என்றார்.