மாவு ஒன்று, அடுப்பு இரண்டு

நடந்தவை, வரிசைப்படி:

1. வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் தெருவையே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எனக்கு ஒதுக்கினார்கள்.
2. புள்ளியியல் படித்தவள், பள்ளியில் கணக்கு டீச்சர். எண்ணுவதில் எனக்கென்ன கஷ்டம் என்று நினைத்தேன்.
3. எதிர்வீட்டில் ஒரு குடும்பத்தை இரண்டாக்கினேன்.

விதி எளிமையானது. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். பயிற்சி வகுப்பில் நான்தான் எழுந்து நின்று மற்றவர்களுக்கு இதை விளக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

எதிர்வீட்டில் கீழே மாமியார், மாடியில் மகனும் மருமகளும். "ஒரே குடும்பம்தான், எழுதிக்கோ டீச்சரம்மா" என்றார் மாமியார். மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று தெரு பேசிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

மாடிப்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "மேல தனி அடுப்பு டீச்சர். தனியா எழுதுங்க." தன் சமையலைத் தன்னுடையது என்று யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும் அவளுக்கு.

"அடுப்பு தனின்னா இன்னா? மாவு தெனமும் நான் அரைச்சுத்தானே மேல வருது?"

"உப்பு ஜாஸ்தியாதான் வருது, அத்தை."

பயிற்சியில் மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். இட்லி பொது, குழம்பு தனி. ஆக ஒன்றரைக் குடும்பம். கைபேசியில் இருந்த கணக்கெடுப்புச் செயலியில் ஒன்றரைக்கு இடமில்லை. உதவிக்கு மகனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுனு போட்டா ரேஷன் கார்டும் ரெண்டாயிடுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்றேன். மூவரும் நம்பவில்லை.

அடுப்பே அளவுகோல் என்று தீர்மானித்து, இரண்டு என்று பதிந்தேன். அதோடு போயிருக்கலாம். என் முடிவின் நியாயத்தை வாசலில் நின்று விளக்கவும் செய்தேன். பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

"கவர்மெண்டே பிரிச்சுட்டப்புறம் என் மாவு எதுக்கு?" என்று மாமியார் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மருமகள் கடையில் மாவு பாக்கெட் வாங்கினாள். மாமியாருக்கோ குறைத்து அரைக்கக் கை வரவில்லை. மாலையில் தூக்குவாளியோடு என் வாசலில் நின்றார்.

"நீதானே பிரிச்ச? நீயே சுட்டுத் தின்னு."

தின்கிறேன். உப்பு ஜாஸ்திதான்.

இப்போதைய நிலை: எதிர்வீட்டில் இரண்டு குடும்பங்கள். பதிந்தபோது சந்தேகமாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. எதிர்வீட்டு மாவில் சாப்பிடும் என்னைத் தனிக் குடும்பம் என்று நானே பதிந்திருக்கிறேன்.