நாலு மணி நேரமும் ஒரு ராத்திரியும்

டி.டி.ஆர். வேலை என்பது, ஊரையெல்லாம் படுக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் கதவோரத்தில் நின்றுகொண்டே போகிற வேலை. உங்களில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்கள், ரேஷன் கடையில் எடை போட்டவர்கள், பாங்கு கவுண்டரில் உட்கார்ந்தவர்கள் என்று ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஊர் சங்கரன்கோவில். தென்காசியில் ஏறி மெட்ராஸ் போய்த் திரும்பும் ராத்திரி வண்டியில் பல வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளில் கடையநல்லூர்க்காரர்கள் துபாய்க்குப் பறக்க ஆரம்பித்ததும் எங்களுக்கு ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது. வண்டி கொஞ்சம் தாமதமானால் போதும், "துபாய்ல இருந்து மெட்ராசுக்கே நாலு மணி நேரந்தான், தெரியுமா?" என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

ஒரு பிரயாணி, முப்பது பேர்

கடையநல்லூரில் ஒருவர் துபாய்க்குக் கிளம்பினால், சொந்தபந்தம் முப்பது பேராகச் சங்கரன்கோவில் வரை டிக்கெட் எடுத்துக் கூடவே வந்து வழியனுப்பும். தறி நெய்துகொண்டிருந்த சம்சுதீன் முதல்முறை போனபோது அவருடைய வாப்பாவும் வந்திருந்தார். நெஞ்சு நோய்க்காரர். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். மகனுக்குப் போக மனசே இல்லை. தான் அங்கே இருக்கும்போது வாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முகம் பார்க்க முடியாதே என்ற பயம். பெரியவர்தான் பிடிவாதமாகக் கிளப்பிவிட்டிருந்தார்.

சங்கரன்கோவிலில் இறங்கும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு ஒண்ணுன்னா இவன் நாலு மணி நேரத்துல மெட்ராஸ் வந்திருவானாம். அங்கன இருந்து நீங்க எப்பம் கொண்டாந்து சேப்பீய, தம்பி?"

ஜன்னல்

அன்று அதே பெட்டியில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பெருமாள் அண்ணாச்சியும் இருந்தார். வாரம் தவறாமல் மெட்ராஸ் போகிறவர். முழங்கால் வலி வேறு. கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அழுதுகொண்டிருந்த சம்சுதீனுக்குத் தன் தூக்குச்சட்டியிலிருந்து புளியோதரையை எடுத்துக் கொடுத்து, விமானத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். சம்சுதீனும் கேள்விப்பட்டதையெல்லாம் சொன்னார். அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வியில் அழுதுகொண்டிருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது: "ஜன்னலைத் தொறக்க முடியாதா? பொறவு எப்படி டீ வாங்குதது?"

சங்கிலி

அந்தப் பயணத்தில், தூங்கினால் பெட்டி போய்விடும் என்று பயமுறுத்தி, சம்சுதீனின் பெட்டியைச் சங்கிலி போட்டு பெர்த்தோடு பூட்ட வைத்தது நான்தான். மனுஷன் என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். விமானத்தில் ஏறியதும் அதே சங்கிலியோடு சீட்டுக்கு அடியில் குனிந்து, பூட்டுவதற்கு வளையம் தேடியிருக்கிறார். பணிப்பெண் வந்து என்னவென்று கேட்டிருக்கிறாள். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "அந்தப் பொண்ணு கொஞ்சங்கூட சிரிக்கலை சார். 'கவலைப்படாதீங்க, இங்கே நடுவழியில யாரும் இறங்கி ஓட முடியாது'ன்னு சொல்லிச்சு."

கீழ் பெர்த்

அந்த விடுமுறைக்கு அடுத்த வருஷம் வாப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தந்தி போயிருக்கிறது. சம்சுதீன் கிடைத்த விமானத்தில் ஏறி மெட்ராஸ் வந்துவிட்டார். சாயங்காலம் எழும்பூரில் ஒரு கைப்பையோடு என் முன்னால் நின்றார். பண்டிகைக் கூட்டம். நம்பினால் நம்புங்கள், என்னிடம் ஒரு இடம்கூட இல்லை. "நின்னுக்கிட்டே வாரேன் சார், ஏத்திக்கிட்டாப் போதும்" என்றார். கடல் தாண்டி வந்தவருக்குக் கால் நீட்ட இடம் கொடுக்க முடியாத உத்தியோகம் என்ன உத்தியோகம் என்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஊர் திரும்புவதற்காக ஜன்னலோரக் கீழ் பெர்த்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெருமாள் அண்ணாச்சி தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் முழங்காலைக் காட்டி நான் தடுத்தேன். அவர் விடவில்லை: "மூடை மேல உக்காந்து லாரியில போனவன் வே நான். ஒரு ராத்திரி உக்காந்தா முட்டு என்ன கழண்டா விழுந்திரும்? தம்பியைப் படுக்கச் சொல்லும்."

வாப்பா பார்த்தது

சம்சுதீன் படுக்கவில்லை. அண்ணாச்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தார். எதிர் சீட்டு அம்மாள் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் "இப்பம் அவருக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்டார்கள். வண்டியோ சிக்னல் கிடைக்காமல் அங்கங்கே நின்று, கடையநல்லூர் போய்ச் சேரும்போது நல்ல தாமதம். அவர் இறங்கி ஓடியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துபாய்க்குத் திரும்பும்போது சம்சுதீன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வாப்பா கண் விழித்துப் பார்த்து, பேசி, மறுநாள்தான் போனாராம். எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும், வண்டி தாமதமானதற்கு வருத்தம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்: "பிளேன்ல வந்து நேரா வாப்பா முன்னால நின்னிருந்தா ஒடஞ்சி போயிருப்பேன் சார். அழ வேண்டியதையெல்லாம் ஒங்க வண்டியிலயே அழுது முடிச்சிட்டேன். சிரிச்ச மொகத்தோட வீட்டுக்குள்ள போனேன். வாப்பா கடைசியாப் பாத்தது அந்த மொகத்தைத்தான்."

அத்தனை வருஷத்தில் தாமதத்துக்காக என்னைத் திட்டாத பிரயாணி கிடையாது; மெதுவாகப் போனதற்கு நன்றி சொன்னவர் இவர் ஒருவர்தான் என்பதால், வண்டியை ஓட்டியவன் நானில்லை என்றாலும் அந்த நன்றியை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.