ஒருநாள் இலவசப் பூட்டு

என் கடை மலேசியாவில், கெடா மாநிலத்து மெர்கோங்கில், வீடமைப்புப் பகுதிக்கு முன்னால் உள்ள கடை வரிசையில் இருக்கிறது. போட்டோஸ்டாட் எடுப்பேன், லாமினேட் செய்வேன், வேலைக்கு விண்ணப்பம் தட்டித் தருவேன், கல்யாண அட்டையும் கோயில் திருவிழா பேனரும் வடிவமைப்பேன். இரண்டு கணினி, ஒரு அச்சு இயந்திரம், நான் ஒருத்தி. அந்தக் கணினிகளில் இருந்த மென்பொருள்களில் பாதிக்கு மேல் நான் விலை கொடுத்து வாங்கியதில்லை. திருடியதும் இல்லை. "இன்று மட்டும் இலவசம்" என்று தினமும் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும் இணையதளங்கள் உண்டு. அங்கே நான் நிரந்தர விருந்தாளி.

நம் ஊர் நேரத்துக்குப் பிற்பகல் மூன்று மணியோடு சலுகை முடியும். பக்கத்தின் மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நாற்பதுக்கு அதைப் பார்த்துவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். எதிரில் ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாலும், "ரெண்டு நிமிஷம் அண்ணே" என்று சொல்லிவிட்டு அதை இறக்கப் போய்விடுவேன். அது எனக்கு எதற்கு என்று மூன்று மணிக்குப் பிறகுதான் யோசிப்பேன். மீன் தொட்டி வடிவமைக்கும் மென்பொருள்கூட என்னிடம் இருந்தது. என் வீட்டில் மீனும் கிடையாது, தொட்டியும் கிடையாது.

எல்லாமே வீண் என்று சொன்னால் பொய். பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒன்று அப்படிக் கிடைத்தது. இன்றும் எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் ஓசிச் சரக்கு ஒவ்வொன்றோடும் நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டு வரும். மென்பொருளை இயக்க அவர்கள் தரும் சாவி எண் ஒன்றுக்கு ஒரு ஆள், ஒரு கணினி. புதுப்பிப்பு கிடையாது. கோளாறு என்றால் உதவி கிடையாது. அதை நான் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தேன். அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

கெடா முழுக்க எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள், படம் எடுப்பவர்கள், அலங்காரம் செய்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறோம். எல்லாரும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள். கோயில் அன்னதானத்தில் நாம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோமா? வர முடியாதவர்களுக்கும் பொட்டலமாகப் புங்குஸ் கட்டி எடுத்துக்கொண்டு போவோம். எடுக்காமல் வந்தால்தான் கேள்வி வரும். மூன்று மணியைத் தவறவிட்டவர்களுக்கு நான் என் சாவி எண்ணை அப்படித்தான் குழுவில் போட்டுவிடுவேன். "நல்லா இருக்கணும்கா" என்று கைகூப்பும் பொம்மைகள் வந்து குவியும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பூட்டு. கோப்புகளை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கடவுச்சொல் வைத்துப் பூட்டும் மென்பொருள். உள்ளே போட்டதும் வெளியே இருக்கும் மூலத்தை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாதபடி அழித்துவிடும். அதைப் படித்துவிட்டு நான் மெச்சிக்கொண்டேன். வழக்கம்போல அதன் சாவி எண்ணையும் குழுவில் போட்டேன்.

அந்த வாரம்தான் என் அண்ணனுக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் செமிலிங்கில் இருக்கிறார். தோட்டங்களிலிருந்து எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். குலை ஏற்றும் இடத்தில் அவர் ஒரு சத்தம் போட்டால் நான்கு மர நிரை தள்ளி வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் லாரியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் கடைக்கு வந்தார்.

"என் குரல எடுத்து வையி. போன்ல வேண்டாம், மவ நோண்டிருவா" என்றார்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, நல்ல மைக்கை அவர் முன்னால் வைத்தேன். மூன்று பதிவு செய்தார். ஒன்று மகள் கல்யாணத்துக்கு, ஒன்று என்றாவது பிறக்கப் போகும் பேரப்பிள்ளைக்கு, ஒன்று அண்ணிக்கு. அண்ணிக்கானதைப் பேசும்போது என்னை வெளியே போகச் சொன்னார். நான் நடைபாதையில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணத்தன்னிக்கு நீதான் போட்டுக் காட்டணும். அது வரைக்கும் யாரும் கேக்கக் கூடாது."

"பூட்டி வச்சிர்றேன் அண்ணே. வெளிய காசு கொடுத்து வாங்குற சாமான், நான் பெர்சுமாவா எடுத்தேன்லா" என்றேன். அவர் முன்னாலேயே மூன்றையும் பெட்டிக்குள் போட்டேன். வெளியே இருந்தவை அழிந்தன. பெட்டியை ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அண்ணன் பிழைத்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு துணி. கையில் எப்போதும் போன் இருக்கும், சொல்ல வேண்டியதைத் தட்டிக் காட்டுவார். இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை விருந்து, அங்கே அண்ணன் பேசியதைப் போட வேண்டும். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் நான் அந்தப் பெட்டியைச் சொடுக்கினேன்.

சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. இந்தச் சாவி எண் பலரால் பயன்படுத்தப்பட்டதால் ரத்து செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை.

விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்று போனேன். அந்த மென்பொருளை இப்போது விற்பதில்லையாம். நிறுவனத்துக்கு எழுதினேன், கெஞ்சினேன், என் அண்ணனின் குரல் உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இலவசச் சலுகையில் பெற்றவர்களுக்கு உதவி வழங்கப்படாது, நன்றி. அந்த நன்றியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? அவர்கள் கொடுத்த நிபந்தனையில் இது எழுதியிருந்தது. புங்குஸ் கட்டிக் கொடுத்தவள் நான்.

குழுவில் கேட்டேன். அந்தப் பூட்டு இன்னும் யாரிடமாவது வேலை செய்கிறதா? ஆளாளுக்கு "இல்லை, எனக்கும் சிவப்புதான்" என்று போட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் பாலிங்கிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். மணப்பெண் அலங்காரம் செய்பவர், ரப்பர் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்.

"எனக்குத் தொறக்குதுமா. வீட்டுக்குள்ளதான் லைனே கெடைக்காதே, லேப்டாப்பு நெட்டு இல்லாம கெடக்கு. அதான் அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னையத் தெரியல."

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். கோல கெட்டில் தாண்டிப் பாலிங் போகும் வரை பென்டிரைவைச் சட்டைப் பையில் வைக்காமல் இடது கைக்குள்ளேயே வைத்திருந்தேன். வழியில் அண்ணன் மகள் மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்குப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குக் கூசியது.

அக்கா லேப்டாப்பைச் சமையலறை மேசையில் திறந்து வைத்திருந்தார். பென்டிரைவைச் செருகினேன். பெட்டியைச் சொடுக்கினேன். கடவுச்சொல் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டினேன், திறந்தது. திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். நான்கு கோப்புகள் இருந்தன. மூன்றுதானே என்று பார்த்தால், மைக்கைச் சரிபார்க்க முதலில் எடுத்த சின்னப் பதிவும் அவற்றோடு உள்ளே போயிருக்கிறது.

"மொதல்ல வெளிய எடு, அப்புறமா கும்பிடு" என்றார் அக்கா.

நான்கையும் தேர்வு செய்து வெளியே நகலெடுக்கச் சொன்னேன். பழைய லேப்டாப். பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. முதலாவது சின்னது, உடனே முடிந்தது. இரண்டாவது, கல்யாணத்துக்கானது, பத்து விழுக்காடு, பதினைந்து.

என் போன் அதிர்ந்தது. அண்ணன் மகளின் செய்தி. "அத்தை, வீடியோக்காரர் வந்துட்டாரு, அப்பா பேசுனதக் கேக்குறாரு. ப்ளீஸ்லா, ஒரு பதில் போடுங்க." பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பதில் அனுப்பினேன், போகவில்லை.

"அந்த ஜன்னல்கிட்ட ஒரு கோடு லைன் வரும்மா" என்றார் அக்கா.

ஜன்னலுக்குப் போனேன். "எல்லாம் ரெடி, நாளைக்கு அனுப்புறேன்" என்று அனுப்பினேன். போனது. திரும்பினால் அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

"என்னமா இது, நெட்டு வந்திருக்கு?"

காடியில் வரும்போது வழி காட்டுவதற்காக டேப்லெட்டுக்கு என் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்திருந்தேன், மூடவில்லை. சாவி எண் ரத்தாவதற்கு முன்பு, போன வருடம் அக்கா என் கடைக்கு வந்தபோது அந்த ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை இதே லேப்டாப்புக்கு நான்தான் தட்டிக் கொடுத்தேன். அதையும் புங்குஸ் கட்டித்தான் கொடுத்திருக்கிறேன். லேப்டாப் என் போனைத் தெரிந்துகொண்டு தானாகவே தொற்றிக்கொண்டது; ஜன்னலில் எனக்கு லைன் வந்ததும் அதற்கும் வந்துவிட்டது. நான் பாய்ந்து போய் ஹாட்ஸ்பாட்டை மூடினேன். அதற்குள் பச்சைக் கோடு நின்றுவிட்டது, பெட்டி மூடிக்கொண்டது, அதே சிவப்புக் கட்டம் வந்தது.

நெட்டை அறுத்துப் பார்த்தோம். அணைத்துவிட்டுப் போட்டோம். நாளையும் நேரத்தையும் பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பாதி வந்திருந்த கல்யாணப் பதிவு திறக்க மறுத்தது. அக்காவின் மணப்பெண்கள் அத்தனை பேருடைய படங்களும் அந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டன. அதைச் சொல்லி அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து சேர்ந்தது அந்தச் சின்னப் பதிவு மட்டும்தான். அதைப் போனில் ஏற்றிக்கொண்டு நேராகச் செமிலிங் போனேன். வழி நெடுக ஒரு பொய்யைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை.

அண்ணன் வீட்டு முன்வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். அவர் நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணி யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றி, கொண்டுவந்தாயா என்று கேட்டார். நான் போனை எடுத்து அழுத்தினேன்.

"ஹலோ... ஹலோ. சத்தம் விழுதா? எங்க பாத்துப் பேசணும்? என்னா இவ, ஆந்த மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கிறா. ஆன் பண்ணுனியா இல்லியா?"

அண்ணன் சிரித்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கையை ஆட்டி, அடுத்ததைப் போடு என்றார்.

"இதான் அண்ணே இருக்கு" என்றேன். "மத்ததெல்லாம் போச்சு. நான்தான் தொலைச்சிட்டேன்." பூட்டு, சாவி எண், குழு, பாலிங், ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் முதலில் நம்பவில்லை. என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கட்டை விரலால் மேலும் கீழும் தேடினார். பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவருடைய போன் பையில்தான் இருந்தது, அதை எடுக்கவில்லை. லாரிக்காரனாக இருந்த காலத்தில் திட்டுவதுபோல வாயைத் திறந்து, கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கத் திட்டினார். கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் வந்தது. உள்ளே அண்ணியின் சிரிப்பு நிற்கவில்லை, இங்கே ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீளமாகத் திட்டினார். நடுவில் ஒருமுறை என் பெயரைச் சொன்னார், அது மட்டும் புரிந்தது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என்ன சொல்லித் திட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.