வெள்ளச்சிக்குத் துணை

தூரிகையைப் பூவுக்குள் விடுவதற்கு முன் மாமியார் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். மகள் வேண்டாமென்று தூக்கிப்போட்ட கண்மைத் தூரிகை அது. முந்தின மாலை மொட்டுக்குக் கட்டிய துணிப்பையை அவிழ்த்து, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு அடுத்த பூவில் தடவி, பையை மறுபடி மாட்டி நூலை இறுக்கிய பிறகுதான் மூச்சை விடுகிறார். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முப்பது பூ முடியும். அதற்குமேல் தேனீக்கள் வந்துவிடும்.

மாமியார் என்பது தாவரத் தோட்டத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று ஒற்றைப் புதரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பவரை வேறு எப்படி அழைப்பது? ஒரு பட்டாம்பூச்சி பக்கத்தில் வந்தால்கூட, "உனக்கு இங்க என்ன வேலை? போ, போ" என்று கையை வீசுவார். "மருமகளுக்குத் தலை வாரியாச்சா?" என்று வாயிற்காவலர் சீண்டுவார். முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுத்தவர், இப்போது அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புதருக்கு லத்தீனில் முழநீளப் பெயர் ஒன்று உண்டு. மாமியாருக்கு அது வெள்ளச்சி. இடுப்பளவு உயரம், அடிப்பக்கம் சாம்பல் பூசிய இலை, தொண்டையில் மட்டும் மஞ்சள் வைத்த வெள்ளைப் பூ. அது வளர்ந்த ஒரே குன்று கல்குவாரியாகி, குன்று இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உலகத்தில் மிச்சம் இது ஒன்றுதான். இதன் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சிவப்புப் பூவோடு ரயில் பாதையோரம், குப்பைமேடு என்று போகிற இடமெல்லாம் நிற்கின்றன.

ஒன்பது வருடம் பூத்தும் வெள்ளச்சி ஒரு காய்கூட வைக்கவில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம். வெட்டி நட்ட கிளைகளும் வேர் விடாமல் அழுகிப்போயின. "ஒத்தையா நிக்குது பாவம். பக்கத்துல சொந்தக்காரங்க ரெண்டு பேர் இருந்தா தெம்பா இருக்கும்ல?" என்று சொல்லி, மாமியார் ஒரு நாள் ரயில் பாதையோரத்திலிருந்து இரண்டு சிவப்புச் செடிகளைக் கொண்டுவந்து இரு பக்கமும் நட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமென்று தோன்றவும் இல்லை. அப்போதிருந்த அதிகாரிகூடப் பார்த்துவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

மறு வருடமே வெள்ளச்சி காய்த்தது. மாமியார் தலைகால் தெரியாமல் தோட்டம் முழுக்க ஓடினார். செய்தித்தாளில் படம் வந்தது. விதை போட்டு இருநூற்றுப் பதினாறு கன்றுகள் எடுத்தார். எது எந்தத் தொட்டியில் எத்தனை இலையோடு நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பள்ளி வேன் ஓட்டும் கணவர், "நம்ம கல்யாணத் தேதி கேட்டா முழிக்கிற, இது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார். "அத நான் மறந்தா நீங்க சொல்லுவீங்க. இத மறந்தா யாரு சொல்லுவா?" என்று மாமியார் திருப்பிக் கேட்டார்.

மூன்றாம் வருடம் கன்றுகள் பூத்தன. அத்தனையும் இளஞ்சிவப்பு.

மண் செய்த வேலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மண்ணை மாற்றினார், உரத்தை மாற்றினார். போன மாதம் ஆய்வுக்கூட முடிவு வந்தது. புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சிப் பெண் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எல்லாமே கலப்புக்கா. அந்தச் சிவப்புலேருந்து தேனீ கொண்டுவந்திருக்கு. இதுல ஒண்ணுகூட வெள்ளச்சி இல்ல" என்றாள்.

"பாதியாவது இவ ரத்தம்தானே?"

"பாதி இருந்தா அது வேற செடிக்கா. இவ பேர்ல வேற ஒண்ணு பரவிடும். எடுத்துடணும்."

"அந்த ரெண்டையும் நட்டது நான்தான்."

அந்தப் பெண் உங்கள் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சிவப்புச் செடிகளை மாமியார் அன்றே வேரோடு எடுத்தார். வெள்ளச்சியின் தண்டில் பூஞ்சை ஏறிவிட்டது; அடுத்த பூக்காலத்தை அது பார்ப்பது சந்தேகம். அதன் மகரந்தத்தை அதற்கே தடவுவது வீண் வேலை என்பது மாமியாருக்கும் நன்றாகவே தெரியும். "நூத்துல ஒண்ணு ஏமாந்து போகாதா?" என்கிறார். இந்தப் பருவத்தில் எண்ணூறு பூ தாண்டிவிட்டது. ஒரு பூவும் ஏமாறவில்லை. அந்தப் பைகளுக்குள் பூக்கள் ஒவ்வொன்றாகக் காய் வைக்காமல் உதிர்வதைப் பார்க்க நமக்கே மனசு தாங்கவில்லை.

கன்றுகளை எடுக்கும் நாளன்று, தாங்கள் பார்த்துக்கொள்வதாக மற்றவர்கள் சொன்னார்கள். மாமியார் விடவில்லை. இருநூற்றுப் பதினாறையும் தன் கையாலேயே தொட்டியிலிருந்து உருவி மதிலோரம் அடுக்கினார். பூவோடு இருந்தவை பூவோடு போயின. குப்பை வண்டி மறுநாள்தான் வரும் என்றார்கள். உச்சிவெயில் மதில் பக்கம் திரும்பியதும் இலைகள் துவள ஆரம்பித்தன. மாமியார் எழுந்துபோய் ரப்பர் குழாயை இழுத்துவந்து, அந்தக் குவியலின் வேர்களில் தண்ணீர் பிடித்தார்.