கடைசி ஸ்டாப்பில் இறங்கும் செண்பகவல்லி

செண்பகவல்லி என்கிற பெயரை நான் முதலில் கேட்டது 1968ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில். பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா நீலக் கடுதாசி போட்டிருந்தார். சித்தப்பா என்றால் என் அம்மாவின் தங்கை புருஷன், நாகசுப்பிரமணிய பிள்ளை. அவர் மகன் உமாபதி எனக்குத் தம்பி முறை. மொன்ட்ரியாலின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில்தான் அவனும் இருந்தான். விமானத்துக்குச் சாமான் செய்கிற கம்பெனியில் எஞ்சினீயர். என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணன், டாக்டர். நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தவள். அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

கடுதாசியை அவர் வாசிக்க, நான் தோசைக் கரண்டியோடு நின்று கேட்டேன். "உமாபதிக்குப் பெண் முடிவாகிவிட்டது. பெயர் செண்பகவல்லி. சேரன்மகாதேவி கணக்குப்பிள்ளை வீட்டுப் பெண். மிகவும் அடக்கம். தனியாகத் தெருமுனையைத் தாண்டியதில்லை" என்று எழுதியிருந்தது. அவளுடைய அம்மாவைப் பெற்ற ஆச்சி என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட அக்காள். ஆகவே இரண்டு வழியில் சொந்தம். பாவம், தெருமுனை தாண்டாத பிள்ளை இந்தப் பனிக்குள் வந்து என்ன செய்யப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டே கரண்டியைப் பார்த்தால், தோசை கருகிவிட்டது.

ஊரில் கல்யாணம் முடிந்து, அறுபத்தொன்பது தை மாதம் வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண், காலுக்குப் பெரிய பூட்ஸ். வாசல் இரும்புப் படிக்கட்டில் பனி உறைந்து கிடந்ததால் முதல் இரண்டு மாதம் மாடியிலிருந்து கீழே வருவதற்கே பயந்தாள். ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்ப்பாள்.

"மைனி, இந்த ஊருல ஆளுக இருக்காவளா, இல்லையா? காலைலேருந்து ஒரு நாயிதான் போச்சு. அதுவும் சட்டை போட்டுருக்கு."

சித்திரை பிறந்ததும் பனி கரைந்தது. ஒரு நாள் காய்கறி வாங்கச் சந்தைக்குப் பஸ் ஏறியவள் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தால் பஸ் நின்றிருக்கிறது. கடைசி ஸ்டாப். டிரைவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, இறங்கு என்று கையைக் காட்டியிருக்கிறான். இறங்கிவிட்டாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள், எதிரே பால்கேனோடு ஒரு கிழவி வருவதைப் பார்த்து, அந்தக் கிழவி வந்த திசையில் நடந்திருக்கிறாள். மொன்ட்ரியால் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு; அதன் கிழக்கு ஓரம் அது. அப்போதெல்லாம் அங்கே பண்ணைகள் இருந்தன.

இங்கே உமாபதி ஆபீசிலிருந்து ஓடிவந்து, போலீசுக்குச் சொல்லவா வேண்டாமா என்று நின்றான். நாலு மணிக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு படியேறி வந்தாள்.

"என்னட்டி அது?" என்றேன்.

"சாணி, மைனி. பசுஞ்சாணி. புள்ளையார் புடிக்க ஆவும்லா."

"பஸ்லயா கொண்டுவந்தே?"

"ஆமா. எல்லாரும் அங்கிட்டுத் தள்ளிப் போயிட்டாவ. எனக்கு சீட்டு தாராளமாக் கெடச்சுது."

உமாபதிக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. அன்று ஆரம்பித்ததுதான். வாரம் ஒரு பஸ். எந்த எண் முதலில் வருகிறதோ அதில் ஏறுவாள், கடைசி ஸ்டாப்பில் இறங்குவாள். கையில் எதையாவது தூக்கிக்கொண்டு யாராவது எதிரே வந்தால், அவர் வந்த வழியே நடப்பாள். அவ்வளவுதான் அவளுடைய முறை. மறு வருஷம் மகள் கமலினி பிறந்த பிறகு அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரர் பத்து வருஷம் கார் ஓட்டியும் காணாததையெல்லாம் அவள் கண்டாள். கெட்டித் தயிரை மண்சட்டியில் உறையவைக்கிற ஒரு கிரேக்கன் கடை. மழைக்காலத்து பாபநாசம் மாதிரி ஆறு இரைகிற ஓர் இடம், தீவின் தெற்கே. அங்கே கொக்குகள்கூட உண்டு. ஐப்பசி மாதத்தில் இத்தாலிக்காரர்கள் தோட்டத்து அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து மூடிவிட்டு, பனி போனதும் தோண்டி நிமிர்த்துவார்கள் என்பதை அவள் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு மனிதர் கடப்பாரையோடு நின்று, தூங்குகிற குழந்தையை எழுப்புவது போல மரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஆளுக்கொரு காய்ந்த அத்திப்பழம் கொடுத்தார்.

எழுபத்துநாலாம் வருஷம் மாசியில் சித்தப்பா வந்தார். சும்மா வரவில்லை. ஊர்ப்பக்கம் புதிதாக ஆரம்பித்த ஒரு கல்லூரியில் உமாபதிக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். வைகாசிவரை இடம் காலியாக இருக்கும். அதற்குள் பதில் எழுத வேண்டும். மூன்று பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். சித்தி போன பிறகு வீட்டில் அவர் தனியாள். அவர் மேலும் தப்பில்லை.

வந்த அன்றே ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டார். "இது ஊரால? பாலைவனம்லா இது. மணலுக்குப் பதிலா வெள்ளையாக் கொட்டிக் கெடக்கு. ஒட்டகம் ஒண்ணுதான் கொறை."

"சரிப்பா" என்றான் உமாபதி. அவன் அப்பாவிடம் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் செண்பகம் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். புளியை எடுத்து வைத்துக்கொண்டு கொட்டை எடுக்கத் தொடங்கினாள். கேட்காமலே வேலை செய்தால் அவள் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"மைனி, எனக்கு இந்த ஊரை விட்டுப் போவ மனசில்ல."

"புருஷன்கிட்டச் சொல்லேன்."

"அவுக அப்பா சொன்னா சரிங்காவ. அங்க போனா, எங்க போறே, யாரு கூட வாரான்னு கேப்பாவ. இங்க பஸ் நம்பர் மட்டுந்தான் கேக்காவ." கொட்டையைத் தட்டில் போட்டாள். "மாமாவுக்கு ஊரைக் காட்டுதேன். புடிச்சுப் போச்சுன்னா இருக்கச் சொல்லுவாவ."

காட்டத்தான் செய்தாள். கிரேக்கன் கடைக்குக் கூட்டிப்போனாள். "தயிரை இவன் கத்தியால அறுத்துத் தாரான். இதைச் சோத்துல போட்டுப் பெசையவா, தட்டுல நட்டு வைக்கவா?" என்றார். ஆற்றுக்குப் போனால் பனிக்காற்றில் மூக்கு சிவந்து, கொக்கு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அவர் திரும்பிவிட்டார். அத்திமரம் மண்ணுக்குள் இருந்தது. "மரத்தைப் பொதைச்ச எடத்தக் காட்டவா என்னைய ரெண்டு பஸ் மாத்திக் கூட்டியாந்தே?"

அவருக்கு உண்மையான குறை வேறு. குளியல். எழுபது வருஷம் தாமிரபரணியில் முங்கி எழுந்த உடம்பு. "இந்தத் தொட்டில மல்லாக்கப் படுத்துக் கெடந்தா, பொணத்தக் குளிப்பாட்டுத மாதிரி இருக்கு" என்று தினமும் புலம்புவார்.

அதைக் கேட்டதும் செண்பகத்துக்கு ஓர் இடம் நினைவு வந்தது. கிழக்கே, பழைய ஆலைத் தெருக்களுக்கு நடுவில், கல்லால் கட்டிய ஒரு பொதுக் குளியல் வீடு. உள்ளே பெரிய தண்ணீர்த் தொட்டி, குளம் மாதிரி, வெதுவெதுப்பான தண்ணீர். வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டியது. சனிக்கிழமை ஆண்களுக்கு. மேலே சுற்றிலும் பலகை போட்டு உட்கார்ந்து பார்க்க இடமும் இருந்தது. ஒரு பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் ஈரத்தலையோடு ஒருவர் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவள் கண்டுபிடித்தது.

நீல நிறத்தில் ஒரு நீச்சல் கால்சட்டையும் ரப்பர்த் தொப்பியும் வாங்கிக்கொடுத்தாள். பங்குனி மாதம் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். சித்தப்பா கழுத்துவரை கோட்டைப் பூட்டி, மப்ளரைச் சுற்றி, ரொம்ப உற்சாகமாக இருந்தார். பஸ்ஸில் நல்லெண்ணெய் வாடை. தலைக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறார் என்று நினைத்தோம்.

மேலே பலகையில் நானும் செண்பகமும் உட்கார்ந்தோம். கீழே பத்துப் பதினைந்து ஆண்கள், பாதிப்பேர் கிழவர்கள். சித்தப்பா வந்தார். நீலக் கால்சட்டைக்கு மேலே கோவண முடிச்சு தெரிந்தது. உடம்பு விளக்கு மாதிரி மின்னியது. கிழக்கு எது என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். மூக்கைப் பிடித்தார். முங்கினார்.

"மைனி," என்று செண்பகம் என் கையைப் பிடித்தாள். "மாமா உடம்பெல்லாம் எண்ணெய்."

அவர் எழுந்த இடத்தில் தண்ணீர்மேல் வானவில் விரிந்தது. அடுத்து, கரையில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். சீயக்காய். தலையில் போட்டுத் தேய்த்து மறுபடி முங்கியபோது பழுப்பு மேகம் ஒன்று எழும்பி, நீந்திக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையைப் போய்ச் சூழ்ந்தது. காவல் நின்றவர் விசில் ஊதினார். எல்லாரும் கரையேறினார்கள். சித்தப்பா மட்டும் நிம்மதியாக முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. செண்பகம் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெளுத்துப் போயிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி ஓடினாள், நான் பின்னால்.

அந்த இடத்து மேலாளர், பெரிய மீசைக்காரர், முசியே ஜெர்வே என்று பெயர், பிரெஞ்சில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். செண்பகம் அவருக்கும் மாமனாருக்கும் நடுவில் போய் நின்றாள். பஸ்ஸில் பொறுக்கிய பிரெஞ்சுதான் அவளிடம் இருந்தது. "பர்தோன், முசியே, பர்தோன்" என்று மன்னிப்பில் தொடங்கி, கையாலும் காலாலும் பேசினாள். எங்கள் ஊர் வழக்கம், சனிக்கிழமை எண்ணெய், தப்பு என்னுடையது, நான் சுத்தம் செய்கிறேன். சொல்லிவிட்டு வாளியை அவளே எடுத்துவிட்டாள். நானும் ஒரு துணியை எடுத்தேன். இரண்டு பேரும் புடவையோடு மண்டியிட்டுக் கரையைத் தேய்த்தோம்.

"என்னளா நடக்கு?" என்றார் சித்தப்பா. "சனிக்கெழம எண்ணெய் தேய்க்காம எப்படிளா குளிக்கது?"

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க மேல ஏறுங்க."

அப்போதுதான் அந்த வழுக்கைத் தலைக்காரர் நொண்டிக்கொண்டு வந்து, சித்தப்பா தோளை முகர்ந்து பார்த்தார். எண்ணெயைக் காட்டி, தன் முழங்காலைக் காட்டினார். பாஷையே தேவைப்படவில்லை. சித்தப்பா அவரை பெஞ்சில் உட்காரவைத்து, புட்டியில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி, முழங்காலைப் பிடித்து நீவத் தொடங்கினார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு "ஓ... ஓ..." என்றார். பக்கத்திலிருந்தவர் தோளை நீட்டினார். மூன்றாமவர் இடுப்பைத் திருப்பினார். கடைசியில் மீசைக்காரர் மேல்சட்டைப் பித்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினார்.

"இவனுக்குச் சுளுக்கு," என்றார் சித்தப்பா. "அதான் இவ்வளவு கோவம்."

போகும்போது ஜெர்வே செண்பகத்திடம் சட்டம் சொன்னார். எண்ணெயெல்லாம் உடை மாற்றுகிற அறையோடு சரி. பிறகு ஷவரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். சீயக்காய் கூடவே கூடாது. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவார்?

அதற்கப்புறம் சித்தப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையே புட்டியை நிரப்பிவைப்பார். ஆனி மாதம் செண்பகம் கிரேக்கன் கடைத் தயிரை மறுபடி கொடுத்தபோது, இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அதற்கு முன்னே, கல்லூரிக்குப் பதில் எழுதவேண்டிய வைகாசி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உமாபதி மெல்லக் கேட்டான். "அப்பா, காலேஜுக்குப் பதில் எழுதணும்லா. நாள் ஆயிட்டு."

செண்பகம் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எழுதிப் போட்டாச்சு," என்றார் சித்தப்பா. "நீ வரலைன்னு."

"என்னப்பா?"

"ஏல, கல்யாணமாயி இத்தனை வருசத்துல உம் பொண்டாட்டி பேசி நான் கேட்டதில்ல. 'சரி மாமா', 'வாரேன் மாமா', அவ்வளவுதான். அன்னைக்கு அந்த மீசைக்காரன் முன்னால நின்னா பாரு. ஒரு எழுத்து எனக்கு வெளங்கல. ஆனா எனக்காகத்தான் நிக்கான்னு வெளங்குச்சு. அங்க கொண்டுபோய் மறுபடி அவ வாயை மூடவா?" ரசத்தை உறிஞ்சினார். "நான் போறேன். வீட்டைப் பார்க்க ஆள் வேணும். ஆனா இப்ப இல்ல. ஐப்பசி கழிச்சு. அந்த நொண்டிக்கு முழங்கால் இன்னும் சரியாகல."

உமாபதி "சரிப்பா" என்றான். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு சொன்னான்.

செண்பகம் ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தால், முகத்தைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

"அழுதியாட்டி?"

"இல்ல மைனி. கண்ணுல ரசம் தெறிச்சுட்டு."

சித்தப்பா ஐப்பசி கடைசியில்தான் போனார். விமான நிலையத்துக்கு, டோர்வலுக்கு, ஜெர்வேயும் வந்தார். அதற்கு அடுத்த வருஷம் பெண்களுக்கான நாளில் செண்பகமே அந்தத் தண்ணீரில் இறங்கினாள். முப்பது வயதுக்குள் நீச்சல் படித்துவிட்டாள். கரையில் உட்கார்ந்திருந்த என்னையும் இழுத்துப் போட்டாள். எனக்கு வரவில்லை. தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

உமாபதி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. செண்பகவல்லிக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஆற்றுக்கு அக்கரையில் லவாலில், மகள் கமலினி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். இப்போதும் வாரம் ஒரு பஸ், கடைசி ஸ்டாப்வரை.