தாம்பரம் வருவதற்குள் இருபத்திரண்டு பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறும்போது, கையிலிருந்த நாவலில் எனக்கு இன்னும் இருபத்திரண்டு பக்கம் பாக்கி இருந்தது. பத்தரை மணிக்குத் தாம்பரத்தில் அதே நாவலைப் பற்றி நான் பதினைந்து நிமிடம் பேச வேண்டும்.

எனக்கு அதுதான் முதல் மேடை. மேடை என்றால் நூலக மாடியில் ஒரு மேசையும் ஒரு மைக்கும் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். ஆனால் அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வாசகர் வட்டத்தை நடத்தும் மேடம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். முந்தின வாரம் போன் பண்ணி, "முழுசா படிச்சிட்டீங்கதானே தம்பி?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை படிச்சிட்டேன் மேடம்" என்றேன்.

ஒரு தடவை என்று சொல்லியிருந்தாலாவது பாதிப் பொய்யோடு போயிருக்கும்.

வீட்டில் உட்கார்ந்து முடித்திருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை செய்கிறார். நான் புத்தகத்தைத் திறந்தால் வீட்டில் டிவி நின்றுவிடும். தங்கை போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். யாராவது பார்க்க வந்தால் அப்பா வாசலிலேயே மறித்து, "பையன் படிக்கிறான்" என்று கையைக் காட்டுவார். வந்தவரும் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போவார். எல்லோரும் எனக்காக ஏதோ பெரிய பரீட்சையைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போது, உள்ளே நான் கதையில் வரும் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையைப் படித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்த அமைதியில் மனசாட்சி ஒரு பக்கத்தைக்கூடத் திருப்ப விடாது. அதனால்தான் ரயிலிலும் பஸ் நிறுத்தத்திலும் ராஜகீழ்ப்பாக்கம் முனையில் டீக்கடை பெஞ்சிலும் படிக்கப் பழகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டம் குறைவு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரப்பாக்கத்துக்குள் ஐந்து பக்கம், வண்டலூருக்குள் இன்னொரு ஐந்து என்று கணக்குப் போட்டு, பென்சிலும் கையுமாக ஆரம்பித்தேன். மிச்சத்தைத் தாம்பரம் பிளாட்பாரத்தில் முடித்துவிடலாம்.

ஆறாவது பக்கத்தில் பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, குரூப் ஃபோரா?"

நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. மடியில் புது சீலிங் ஃபேனின் மோட்டார். மூன்று இறக்கைகளையும் செய்தித்தாளில் சுற்றிக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்திருந்தார்.

"இல்லண்ணா."

"அப்ப குரூப் டூ."

"இல்லண்ணா. இது கதைப் புத்தகம்."

"கதையா?" அவர் குனிந்து அட்டையைப் பார்த்தார். "கத படிக்க இன்னாத்துக்குப் பென்சிலு?"

"நல்ல வரி வந்தா கோடு போட."

"கோடு போட்டா அதுல கேள்வி வரும்னுதான அர்த்தம்?"

எதிர் சீட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஜிப் வைத்த உறை போட்ட பைபிள் மடியில். தேவாலயத்துக்குப் போகிற புடவை மடிப்பு. அவர் சிரித்தார்.

"விடுங்கண்ணா. எங்க சர்ச்சுலயும் ஒரு தம்பி இப்படித்தான். கேட்டா படிக்கவே இல்லம்பான். இப்ப தாலுகா ஆபீஸ்ல உக்காந்திருக்கான். வெளிய சொன்னா கண்ணு பட்டுடும்னு மறைக்கிறாங்க."

"அக்கா, சத்தியமா பரீட்சை இல்லக்கா."

"பாத்தீங்களா, சத்தியமே பண்றான்" என்றார் ஃபேன் அண்ணன்.

வண்டலூர் வந்துவிட்டது. ஆறாவது பக்கத்தின் அதே வரியை நான் நான்காவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் வாயை அடைக்க ஒரே வழி கதையைச் சொல்லிவிடுவதுதான் என்று தோன்றியது. எந்தப் பரீட்சைப் புத்தகத்தில் இப்படி ஒரு கதை வரும்? இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பப் படிக்கலாம் என்று புத்தகத்தில் விரலை வைத்து மூடினேன்.

"ஒரு பஸ் கண்டக்டர்ணா. கல்யாணமாகி ஒரு பொண் குழந்தை. குழந்தைக்கு ரெண்டு வயசு இருக்கும்போது பொண்டாட்டியையும் புள்ளையையும் விட்டுட்டு ஓடிப்போயிடறார். இருபது வருஷம் கழிச்சு அதே ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி வரார். அவர் பஸ்ஸுல தினம் காலைல ஒரு பொண்ணு ஏறுது. அது யாருன்னு இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பொண்ணுக்குத் தெரியாது. தினம் அவளுக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறார். ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமாவா?"

"இருநூறு பக்கமாண்ணா."

ஃபேன் அண்ணன் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "டெய்லி பாக்குறான். ஒரு வார்த்த பேசல?"

"'உள்ள போம்மா'ன்னு சொல்வார். அவ்வளவுதான். இப்ப கடைசி நாள். நாளைக்கு ரிட்டயர்மென்ட். அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறுது."

"ஏறுது. அப்புறம்?"

"அப்புறம் தெரியாதுண்ணா. அதைத்தான் படிச்சிட்டிருந்தேன். நீங்க குரூப் ஃபோரான்னு கேட்டீங்க."

அவர் தலையிலடித்துக்கொண்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பெருங்களத்தூர் வந்தது. இனியாவது விடுவார்கள் என்று விரலை வைத்திருந்த இடத்தைத் திறந்தேன்.

"மன்சுல படிக்காத" என்றார் அண்ணன். "வாய் விட்டுப் படி. கத சொல்லிட்டு நீ மட்டும் துன்னா எப்டி?"

நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படித்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. ரயில் இரைச்சலில் அரை வாக்கியம் காணாமல் போகும். "இன்னா? இன்னா சொன்ன?" என்று காதைக் கொண்டுவருவார். திரும்பப் படிப்பேன். இரண்டு பக்கம் முடிவதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. மணி பத்து ஐந்து.

மூன்று பேரும் இறங்கினோம். நான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன். ஃபேன் அண்ணன் நேராகப் போய்ப் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"ஒக்காரு. எத்தினி பக்கம் கீது?"

"பதினஞ்சுண்ணா. எனக்குப் பத்தரைக்கு மீட்டிங். நீங்க எங்கயோ போகணுமே?"

"தங்கச்சி புது வூடு. மத்தியானம் அம்பது பேருக்குச் சாப்பாடு. ஹால்ல மாட்ட வேண்டிய ஃபேனு இதான். ஒக்காரு, ஒக்காரு."

அக்காவும் உட்கார்ந்துவிட்டார். "பாட்டெல்லாம் முடிஞ்சு பிரசங்கம் ஆரம்பிக்கறதுக்குள்ள போயிட்டா போதும்" என்று அவரே தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டார்.

எனக்கு நன்றாகத் தெரியும். மனதுக்குள் படித்தால் பதினைந்து பக்கத்தைப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டு, மீதி நேரத்தில் நூலகத்துக்கு ஓடிவிடலாம். சத்தமாகப் படித்தால் அரை மணி நேரம் ஆகும். முதல் மேடைக்கே தாமதமாகப் போனால் இரண்டாவது மேடை கிடையாது. அந்த மேடத்தின் முகம் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த வாக்கியத்துக்காக இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை.

படித்தேன். கண்டக்டர் அந்தப் பெண்ணை நோக்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிற இடத்தில் ஃபேன் அண்ணனின் போன் அடித்தது.

"தோ வந்துகினே கீறம்மா. வண்டி பெருங்களத்தூர்ல நிக்குது. சிக்னல் போடல. நான் இன்னா டிரைவரா?" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து, "நீ படி" என்றார். தலைக்கு மேலே ஒலிபெருக்கி, தாம்பரத்துக்குத் தங்களை அன்புடன் வரவேற்றது.

அது முடிவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது.

"இப்ப சொல்லிடுவான் பாரு" என்றார் அண்ணன். "சொல்லணும். நான்தாம்மா உன் அப்பன்னு கால்ல வுழணும். இல்லாங்காட்டி ரெண்டு வருஷமா இன்னாத்துக்கு டிக்கெட்டு குட்த்தான்?"

"சொல்லக் கூடாது" என்றார் அக்கா.

"ஏம்மா, பைபிள் வச்சிகினு நீயே இப்டி சொல்லலாமா? மன்னிப்பு கேக்க வாணாமா?"

"கர்த்தர்கிட்ட கேக்கட்டும். அவருக்குக் கேக்க நேரம் இருக்கு." அக்கா பைபிளின் ஜிப்பை இழுத்து மூடினார். "சொன்னா அந்தாளுக்குப் பாரம் இறங்கிடும். இறங்கினது எங்க போகும்? அந்தப் பொண்ணு தலைலதான் ஏறும். எங்கப்பா அப்படித்தான் வந்தாரு. எனக்கு முப்பது வயசு. நல்லாத்தான் இருந்தேன். வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டு, அவரு நிம்மதியாப் போயிட்டாரு."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஃபேன் அண்ணன் மோட்டாரின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு மெதுவாக, "நீ படி தம்பி" என்றார்.

மணி பத்து இருபத்தைந்து. இன்னும் ஏழு பக்கம். எழுந்து ஓட அதுதான் கடைசி நேரம். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் சில்லறையைக் கீழே சிந்திவிடுகிறார். பெண் கவனிக்கிறாள். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். இன்றோடு வேலை முடிகிறது என்கிறார். அவள் எழுந்து, தன் இடத்தில் அவரை உட்காரச் சொல்கிறாள். அவ்வளவு கூட்டத்தில் இரண்டு நிறுத்தம் வரை அவர் உட்கார்ந்து வருகிறார். பக்கத்தில் மகள் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் இறங்குமிடம் வருகிறது. இறங்குகிறாள். அவர் விசில் அடிக்கிறார். பஸ் கிளம்புகிறது.

"அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணா. முடிஞ்சுது."

"விசிலு அட்ச்சானா?" அவர் எழுந்தே விட்டார். இறக்கைகள் பெஞ்சில் இடித்துக் கணகணவென்றன. "இதுக்கா நான் ஃபேன வச்சிகினு ஒக்காந்தேன்? எழுதினவன் நம்பர் குடு. இப்பவே கேக்கறேன்!"

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஜெயித்த சிரிப்பு. "இடம் குடுத்தா பாருங்க, அது போதும்."

"இன்னா போதும்? ரெண்டு ஸ்டாப்புதான குட்த்தா!"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே மேம்பாலப் படியேறினார்கள். பத்து நாற்பத்திரண்டு. நான் அவர்களைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஓடினேன். "பரீட்ச நல்லா எய்து!" என்று பின்னாலிருந்து கத்தினார் அண்ணன்.

நூலக மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்காக யாரோ ஒருவர் நடுவில் கவிதை வாசித்து நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "வாங்க" என்றார், அது வரவேற்பு இல்லை.

சட்டைப் பையில் மூன்று தாள் குறிப்பு வைத்திருந்தேன். படிமம், கட்டமைப்பு, அகவெளி என்று கனமான சொற்களாகப் பொறுக்கி ஒரு வாரமாக எழுதியது. எடுத்துப் பார்த்தேன். வியர்வையில் மடிப்பு ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. பிரித்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே வேறொன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"மேடம், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "ரெண்டு தடவை படிக்கல. ஒரே தடவைதான். அதுலயும் கடைசிப் பக்கத்தைப் படிச்சு முடிச்சு பத்து நிமிஷம்தான் ஆச்சு. தாம்பரம் பிளாட்பாரத்துல, சத்தமா."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார். நான் ஃபேனைப் பற்றிச் சொன்னேன், பெருங்களத்தூரில் நின்றுகொண்டிருந்த வண்டியைப் பற்றிச் சொன்னேன். சொல்லணும் என்றவரின் கட்சியை அவர் பேச்சிலேயே சொன்னேன். கூடாது என்றவரின் காரணத்தையும் சொன்னேன், பாரம் இறங்குவதும் ஏறுவதும் வரைக்கும். அவருடைய அப்பாவைப் பற்றி அந்த மாடியில் நான் வாய் திறக்கவில்லை. இங்கே, பெயரும் முகமும் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

"அது எப்படி?" மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். வங்கியில் இருந்தவர், கூட்டத்தில் எப்போதும் கடைசியில்தான் கேள்வி கேட்பார். "பொண்ணுக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இல்லையா?"

"கேள்வியெல்லாம் கடைசியில்" என்று மேடம் மேசை மணியைத் தட்டினார்.

"அவளுக்குத் தெரியாதுன்னு யார் சார் சொன்னது?" பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "தெரிஞ்சுதான் இடம் குடுத்தான்னு நான் படிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அண்ணனும் அக்காவும் பதினைந்து பக்கத்தையும் உரக்கப் படித்து, அடித்துக்கொண்டு, அந்த வாசலைப் பார்க்காமலே வந்திருக்கிறோம்! தெரிந்துதான் கொடுத்தாளா? அப்படியானால் அந்த இரண்டு நிறுத்தம்? மணி இன்னொரு தடவை அடித்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கவிதை வாசித்தவர்கூடப் பேசினார். என் பேச்சு எங்கே நின்றது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கே இல்லை. வங்கிக்காரர் கையை ஆட்டி ஆட்டி என்னமோ நிரூபித்துக்கொண்டிருந்தார், எனக்கு அது தப்பு என்று தெரிந்தது. மைக் என் முன்னால்தான் இருக்கிறது என்பதையே மறந்து, கையைத் தூக்கிக்கொண்டு நான் கத்தினேன்: "சார், குறுக்க பேசறேன்னு தப்பா நினைக்காதீங்க..."